அரசு வழக்கறிஞர் அலுவலகப் பயிற்சி: பெங்களூருத் தமிழ் மாணவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செமஸ்டர் தேர்வு முடிவதற்குள்ளேயே, சட்டம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 'இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கும்' என்ற பேச்சு ஆரம்பித்துவிடுகிறது. பெற்றோருக்குத் தெரிந்த வழிகள் இரண்டுதான். ஒன்று, கம்பெனி வழக்குகளைப் பார்க்கும் பெரிய சட்ட நிறுவனம். மற்றொன்று, உறவினர் யாருக்காவது பழக்கமான வக்கீல் ஆபீஸ். அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்தும் வழக்கறிஞரின் அலுவலகம் என்று ஒன்று இருப்பதும், மாணவர்கள் அங்கேயும் பயிற்சி கேட்கலாம் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றிப் போகிறவர்களிலும் பலர் நான்கு வாரம் கோப்பு சுமந்து, போட்டோகாப்பி எடுத்து, சான்றிதழோடு திரும்பிவிடுகிறார்கள். ஒரு குற்றப்பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்து, அதில் எது நிரூபணமாகும், எது நிற்காது என்று சொல்லத் தெரியாமல் முடிகிற பயிற்சியால் யாருக்கும் பயனில்லை. இதைத் தவிர்ப்பது எப்படி என்று பெங்களூருத் தமிழ் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தங்கள் வாசகர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில், எந்த அலுவலகம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். 'அரசு வழக்கறிஞர்' என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரே இடமல்ல. நிருபதுங்கா ரோட்டிலும் மேயோ ஹாலிலும் உள்ள மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் வழக்கு நடத்துபவர் உதவி அரசு வழக்கறிஞர். எல்லோரும் அவரை ஏ.பி.பி. என்பார்கள். செஷன்ஸ் நீதிமன்றத்தில் கொலை, கொள்ளை, போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றம்), போதைப்பொருள் வழக்குகளை நடத்துபவர் அரசு வழக்கறிஞர். விதான சௌதாவுக்கு எதிரே உயர் நீதிமன்றத்தில் இருப்பது மாநில அரசு வழக்கறிஞர் அலுவலகம். அங்கே ஜாமீன் மனு, மேல்முறையீடு, வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுதான் பெரும்பகுதி. சி.பி.ஐ., அமலாக்கத் துறை, மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு ஆகியவற்றுக்குத் தனி வழக்கறிஞர்கள் உண்டு. மாநில அலுவலகத்தில் சேர்ந்துகொண்டு அந்த வழக்குகளைப் பார்க்கலாம் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பெயருக்காக நேராக உயர் நீதிமன்றத்துக்கே போக எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். என் கருத்து வேறு. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ரிமாண்ட் (கைதானவரைக் காவலில் வைக்கும் உத்தரவு) எப்படிக் கேட்கப்படுகிறது, சம்மன் ஏன் திரும்பி வருகிறது, பிடிவாரண்ட் எப்போது பிறப்பிக்கப்படுகிறது, சாட்சி வந்தும் விசாரணை ஏன் தள்ளிப்போகிறது என்பதெல்லாம் அங்கேதான் கண்ணில் படும். சாட்சியச் சட்டத்தைப் படித்து முடித்த நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவருக்கு செஷன்ஸ் நீதிமன்றம் ஏற்றது. உயர் நீதிமன்றத்தில் சட்ட வாதம் நிறையக் கற்கலாம். ஆனால் ஒரு சாட்சி கூண்டில் ஏறுவதைப் பார்க்க முடியாது.

விண்ணப்ப வேலையில் சிக்கல் அதிகமில்லை. கல்லூரி முதல்வர் அல்லது பயிற்சிப் பொறுப்பாசிரியரின் கடிதம், அடையாள அட்டை நகல், ஒரே பக்கத்தில் தன்விவரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ற தெளிவு, இவ்வளவுதான். கர்நாடகத்தில் இதற்கென்று வழக்கு நடத்துதல் மற்றும் அரசு வழக்குகள் துறை இருக்கிறது. கல்லூரி வழியாக அதன் இயக்குநருக்கு எழுதலாம், அல்லது நீதிமன்றத்தில் உள்ள அரசு வழக்கறிஞரை நேரில் பார்த்துக் கடிதம் கொடுக்கலாம். குறைந்தது ஒரு மாதம் முன்னதாகக் கேட்பது நல்லது. உதவித்தொகை கிடைக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசு போட வேண்டியிருக்கும். பலர் தவறுவது தேதியில்தான். கோடை விடுமுறை நாட்களில் வந்தால் ஜாமீன் மனுக்களைப் பார்க்கலாம், சாட்சி விசாரணை பார்க்கக் கிடைப்பது அரிது. நீதிமன்ற விடுமுறைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக்கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் பயிற்சி கட்டாயம். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. இந்த நான்கு வாரத்தில் ஒரு வழக்கின் முழு விசாரணையையும் பார்த்துவிட முடியாது. ஒரு வாய்தாவில் இரண்டு சாட்சி முடிந்தால் பெரிய விஷயம். அதனால் முதல் வாரத்திலேயே, சாட்சி விசாரணைக் கட்டத்தில் இருக்கும் இரண்டு வழக்குகளை அரசு வழக்கறிஞரிடம் கேட்டுத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. அதைக் குறித்துக்கொண்டால், பயிற்சி முடிந்த பிறகும் இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தாவைப் பார்த்து, கல்லூரி இல்லாத நாளில் போய் உட்கார்ந்து கவனிக்கலாம். திறந்த நீதிமன்றத்தில் யாரும் தடுக்க மாட்டார்கள். (போக்சோ வழக்கு மூடிய அறையில் நடக்கும், அதை இப்படித் தொடர முடியாது.) அதே பார் கவுன்சில் விதிகளில், ஒரு சிவில் வழக்கையும் ஒரு குற்ற வழக்கையும் நேரில் பார்த்துப் பதிவேடு எழுதுவதற்கு 30 மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கடைசி ஆண்டில் நண்பனின் பதிவேட்டைப் பார்த்து எழுதும் மாணவர்கள், கையில் இருந்த வாய்ப்பைத் தாங்களே வீணாக்குகிறார்கள்.

அடுத்து மொழி. நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெங்களூரில் முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் இடத்தையோ கைப்பற்றிய பொருளையோ பதிவு செய்யும் ஆவணம்), குற்றப்பத்திரிகை எல்லாம் பெரும்பாலும் கன்னடத்தில்தான் இருக்கும். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் கன்னடம் சரளமாகப் பேசுவார்கள். ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவர்களில் பலருக்கு வேகமாக வாசிக்க வராது. சட்டம் படிக்கவே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எழுத்தே தெரியாது. கோப்பைக் கையில் கொடுத்தால் ஆங்கிலத்தில் இருக்கும் மருத்துவச் சான்றிதழையும் தடய அறிவியல் ஆய்வக அறிக்கையையும் மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அரசு வழக்கறிஞருக்கு அன்றாடம் நிற்க நேரமிருக்காது. கன்னடம் படிக்கத் தெரியாத மாணவருக்கு அவர் போட்டோகாப்பி வேலைதான் தர முடியும். இதில் அவர்மேல் குறைசொல்ல ஒன்றுமில்லை.

தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஓரிரு மாதத்தில் அச்சிட்ட கன்னடத்தைக் கூட்டிப் படித்துவிடலாம். கோப்பில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள் அதிகமில்லை. 'பிரதம வர்த்தமான வரதி' முதல் தகவல் அறிக்கை. 'தோஷாரோபண பட்டி' குற்றப்பத்திரிகை. 'பிர்யாதி' புகார் கொடுத்தவர், 'ஆரோபி' குற்றம் சாட்டப்பட்டவர், 'தனிகாதிகாரி' புலன் விசாரணை அதிகாரி, 'ஹேளிகெ' வாக்குமூலம். மகஜர் மகஜர்தான். இப்படி ஐம்பது, அறுபது சொல்லை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். இப்போது பெரும்பாலான காகிதங்கள் கணினியில் அச்சிடப்பட்டு வருவது வசதி. கையெழுத்தில் இருக்கும் மகஜரைப் படிக்க முடியாவிட்டால் நீதிமன்ற எழுத்தரிடமோ கோர்ட் டியூட்டி கான்ஸ்டபிளிடமோ மரியாதையாகக் கேட்டால் படித்துக் காட்டுவார்கள்.

தமிழ் தெரிவதும் பயன்படும். ஆஸ்டின் டவுன், விவேக் நகர் பக்கமிருந்து வருகிற சாட்சிகளில் தமிழில் மட்டும் விவரமாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சி மாணவர் தானாகவே மொழிபெயர்ப்பாளராகிவிடக் கூடாது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர் உண்மையாக மொழிபெயர்க்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்; அந்தப் பொறுப்பை நீதிமன்றம்தான் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். சாட்சி சொன்னதும் பதிவானதும் வேறாக இருப்பதாகப் பட்டால், அரசு வழக்கறிஞரிடம் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுந்து பேசாதீர்கள்.

இனி, குற்றப்பத்திரிகையை எப்படிப் படிப்பது? சங்கிலிப் பறிப்பு வழக்கை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே 304ஆம் பிரிவு வந்திருக்கிறது. தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். முதல் வேலை, அந்தப் பிரிவை உடைத்து எழுதுவது. அசையும் பொருள், இன்னொருவர் வசம் இருந்தது, அவர் சம்மதமில்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு என்பவை திருட்டுக்கான கூறுகள். சட்டென்றோ விரைவாகவோ வலுக்கட்டாயமாகவோ பறித்தார் என்பது 304க்கான கூடுதல் கூறு. இவற்றோடு, பறித்தவர் இந்த ஆரோபிதான் என்ற அடையாளமும் வேண்டும். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு (இதைச் சாட்சியக் கட்டம் என்பேன்), முதல் கட்டத்தில் இந்தக் கூறுகள், இரண்டாவதில் அதைச் சொல்லப்போகும் சாட்சி, மூன்றாவதில் ஆவணம் அல்லது பொருள், நான்காவதில் என்ன குறைகிறது என்று எழுத வேண்டும். நான்காவது கட்டத்தைக் காலியாக விடும் மாணவர் கோப்பைச் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். குறையே இல்லாத குற்றப்பத்திரிகை கிடையாது.

அந்தக் கட்டத்தை நிரப்பக் கவனிக்க வேண்டியவை பல. முதல் தகவல் அறிக்கையில் சம்பவ நேரம், தகவல் கிடைத்த நேரம், மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர்ந்த தேதியும் நேரமும் என்று மூன்று நேரங்கள் இருக்கும். இடைவெளி அதிகமானால் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். புகாரில் சங்கிலி எத்தனை கிராம் என்று சொல்லியிருக்கிறது, மீட்பு மகஜரில் எத்தனை கிராம், நகை மதிப்பீட்டாளர் எடை போட்டபோது எவ்வளவு என்று மூன்றையும் ஒப்பிட வேண்டும். அறிமுகமில்லாத ஆள் என்றால் அடையாள அணிவகுப்பு நடந்ததா, எப்போது நடந்தது, அதற்கு முன்பே ஸ்டேஷனில் ஆளையோ புகைப்படத்தையோ காட்டிவிட்டார்களா என்று வாக்குமூலங்களில் தேட வேண்டும். அணிவகுப்பில் அடையாளம் காட்டியது தனியாக நிற்கும் சாட்சியமல்ல. நீதிமன்றத்தில் காட்டும் அடையாளத்துக்கு அது வலுச் சேர்க்கும். அணிவகுப்பு காரணமில்லாமல் தாமதமானால் அந்த வலு குறைந்துவிடும்.

சி.சி.டி.வி. பதிவு இருந்தால் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழைத் தேடுங்கள். பழைய 65பி சான்றிதழைப் போல ஒரே தாள் இல்லை இது. 'ஏ' பகுதி கருவியின் பொறுப்பாளர் தருவது, 'பி' பகுதி நிபுணர் தருவது; இரண்டிலும் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) எழுதப்பட வேண்டும். 'ஏ' மட்டும் இருந்து 'பி' இல்லாமலிருப்பது, பென் டிரைவில் உள்ள கோப்பின் ஹாஷ் மதிப்பும் சான்றிதழில் உள்ளதும் ஒத்துப்போகாமலிருப்பது, சான்றிதழே பழைய படிவத்தில் இருப்பது ஆகிய மூன்றையும் பாருங்கள். குறையை விசாரணை தொடங்கும் முன் கண்டுபிடித்தால் அரசு வழக்கறிஞர் சரிசெய்யச் சொல்லலாம். கடைக்காரர் சாட்சி சொல்லிவிட்டுப் போன பிறகு கண்டுபிடித்தால் சரிசெய்வது மிகவும் கடினம். கேமரா பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் மூலப்பதிவைத் திரும்ப எடுக்கவும் வழியிருக்காது. சோதனையும் கைப்பற்றலும் ஒலி-ஒளிப் பதிவாக எடுக்கப்பட வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பதிவு கோப்பில் இருக்கிறதா என்பதும் நான்காவது கட்டத்துக்கு உரிய கேள்வி.

மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆரோபி போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் முழுவதையும் சாட்சியக் கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. அதன் விளைவாக ஒரு பொருள் மீட்கப்பட்டிருந்தால், அந்த மீட்புக்கு நேரடியாகக் காரணமான வரி மட்டும்தான் சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவின்படி ஏற்கத்தக்கது. 'அடகுக் கடையில் வைத்த சங்கிலியை எடுத்துக் காட்டுகிறேன்' என்ற பகுதி நிற்கும். 'அந்தப் பெண்ணின் கழுத்திலிருந்து நான்தான் பறித்தேன்' என்ற பகுதி நிற்காது. பேனாவால் அந்த வரியை மட்டும் அடைப்புக்குறியிட்டுப் பழகுங்கள்.

எண்களிலும் குழப்பம் வரும். குற்றப்பத்திரிகையில் சாட்சிக்கு சி.டபிள்யூ. எண், நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும்போது அந்த வரிசையில் பி.டபிள்யூ. எண். சி.டபிள்யூ. 7 முதலில் வந்தால் அவர் பி.டபிள்யூ. 1. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதாமல் எடுத்த குறிப்பு, இறுதி வாதத்தின்போது யாருக்கும் உதவாது. அரசுத் தரப்பு ஆவணங்களுக்கு 'எக்ஸ்.பி.', பொருள்களுக்கு 'எம்.ஓ.' என்ற எண்கள்; எந்தச் சாட்சி வழியாக எது குறியிடப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

பயிற்சி மாணவரின் உண்மையான உதவி தேவைப்படும் இடம், சாட்சி பிறழும் (முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும்) நாள். புலன் விசாரணையில் எடுத்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்காது, இருக்கவும் கூடாது. அதை நேரடிச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது, முரண்பாட்டைக் காட்ட மட்டும் பயன்படுத்தலாம். மகஜர் சாட்சி கூண்டில் ஏறி, 'ஸ்டேஷனில் கையெழுத்து போடச் சொன்னார்கள், போட்டேன், வேறெதுவும் தெரியாது' என்று சொல்வது பெங்களூரில் அடிக்கடி நடப்பது. உடனே அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வார். அப்போது வாக்குமூலத்தின் எந்தப் பக்கம், எந்த வரி என்பது ஒரு நிமிடத்தில் கையில் இருக்க வேண்டும். முன்கூட்டியே வாக்குமூலத்தைப் பத்திவாரியாகப் பிரித்து, முக்கிய வரிகளின் சுருக்கத்தைத் தனித்தாளில் எழுதி வைக்கும் மாணவரை அரசு வழக்கறிஞர் மறக்க மாட்டார். அதோடு வேலை முடியவில்லை. சாட்சி மறுத்த அந்தப் பகுதியை, பின்னால் புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது, 'இந்தச் சாட்சி என்னிடம் இப்படித்தான் சொன்னார்' என்று அவர் வாயால் சொல்லவைத்து நிரூபிக்க வேண்டும். மாதங்கள் கழித்து அதிகாரி வரும்போது இது விட்டுப்போவதுண்டு. விட்டுப்போனால் அந்த முரண்பாடு பதிவில் இல்லாததற்குச் சமம். 'அதிகாரியிடம் கேட்க வேண்டியவை' என்று கோப்பின் உள்ளட்டையில் ஒரு தாள் ஒட்டி வைக்கும் பழக்கம் நல்லது.

இதையொட்டி ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சாட்சியிடம் மாணவர் தனியாகப் பேசக் கூடாது. வழக்கு விவரத்தைச் சொல்லிக் கொடுப்பது போன்ற எதுவும் கூடாது. கைபேசி எண் வாங்குவது, வாட்ஸ்அப்பில் வாய்தா தேதி அனுப்புவது கூட வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்தாலும், குறுக்கு விசாரணையில் 'உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்' என்ற கேள்விக்கு அது பதிலாகிவிடும்.

ஜாமீன் மனுவுக்கு ஆட்சேபனை எழுதும் வேலை மாணவர்களிடம் அடிக்கடி வரும். 'குற்றம் கொடியது, சாட்சியைக் கலைப்பார், தலைமறைவாவார்' என்று எல்லா மனுவுக்கும் ஒரே வாசகத்தை ஒட்டுவது சோம்பேறித்தனம். நீதிபதி அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவார். குற்ற எண், பிரிவுகள், கைதான தேதி, முந்தைய வழக்குகள், புலன் விசாரணை எந்தக் கட்டத்தில், இந்த ஆரோபி குறிப்பாக என்ன செய்ததாகக் குற்றச்சாட்டு, இவைதான் வேண்டும். நாள் கணக்கிலும் கவனம் தேவை. மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாளும் மற்றவற்றுக்கு 60 நாளும், காவலில் இருக்கும் ஆரோபி மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கெடு. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்மானித்துவிட்டது. மார்ச் 1 அன்று ரிமாண்ட் என்றால் 60ஆம் நாள் ஏப்ரல் 29. அன்றைக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாமல் மறுநாள் ஆரோபி மனுப் போட்டு ஜாமீன் தரத் தயாராக இருந்தால், வழக்கு எவ்வளவு கொடியதானாலும் ஜாமீன் அவர் உரிமை. போதைப்பொருள் வழக்கில் வணிக அளவென்றால் இந்தக் கெடு 180 நாள்.

போதைப்பொருள் வழக்கில் எடைதான் முதல் கேள்வி. கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருள் என்றால் அரை கிராமும் 10 கிராமும். போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவின் கடுமையான ஜாமீன் நிபந்தனை வணிக அளவுக்கு வரும். இடைப்பட்ட அளவுக்குப் பொதுவாக வராது. மகஜரில் எழுதிய எடை, 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன் எடுத்த இருப்புப் பட்டியலில் உள்ள எடை, மடிவாளா தடய அறிவியல் ஆய்வகம் பெற்றுக்கொண்டபோது குறித்த எடை ஆகியவற்றை வரிசையாக எழுதி, பொட்டலத்தில் இட்ட முத்திரையின் எழுத்து மூன்றிலும் ஒன்றா என்று பாருங்கள்.

இரகசியம் காப்பது பற்றி மாணவர்களிடம் யாரும் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் மனக்குறை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ 23ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் இருக்கின்றன. பெயரை மட்டும் எழுதாமல் விட்டால் போதாது. பள்ளியின் பெயர், தெரு, தந்தையின் தொழில் ஆகியவற்றைச் சேர்த்து எழுதினாலே அக்கம்பக்கத்தாருக்கு ஆள் தெரிந்துவிடும். நம் தமிழ்க் குடியிருப்புகள் நெருக்கமானவை. ஒரு வீட்டுச் செய்தி மறுநாளே தெரு முழுக்கப் பரவிவிடும். பயிற்சி நாட்குறிப்பில் 'பாதிக்கப்பட்டவர்' என்று மட்டும் எழுதுங்கள். கோப்பைக் கைபேசியில் படமெடுக்காதீர்கள். கேஸ் டைரியை (புலன் விசாரணை அதிகாரியின் நாட்குறிப்பை) வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதைப் பார்க்கும் உரிமை ஆரோபிக்கே சட்டத்தில் கிடையாது. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: 'இன்று கோர்ட்டில் என்ன கேஸ்?' என்று பிள்ளையிடம் ஆசையாகக் கேட்டு, அதை உறவினர் குழுவில் பகிராதீர்கள்.

இதற்கு முந்தைய பயிற்சியில் எதிர்த்தரப்பு வக்கீல் ஆபீசில் இருந்திருந்தால், அங்கே பார்த்த வழக்குகளின் பட்டியலை முதல் நாளே அரசு வழக்கறிஞரிடம் சொல்லி, அந்தக் கோப்புகளைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் அப்படிப்பட்ட ஆபீசுக்குத் திரும்பிப் போகும்போதும் அப்படியே. உடை விஷயத்தில் வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு, கறுப்புக் காலணி போதும். கழுத்துப் பட்டையும் கவுனும் பதிவுபெற்ற வழக்கறிஞருக்கு உரியவை.

இந்தப் பயிற்சிக்குப் போனால் பிள்ளை 'போலீஸ் பக்கம்' சாய்ந்துவிடுவான் என்று தயங்கும் வீடுகளும் உண்டு. அரசு வழக்கறிஞர் போலீசின் வக்கீல் அல்ல. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அவர் வேலையல்ல என்று 1999இல் சிவகுமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆரோபிக்குச் சாதகமான ஆவணம் கையில் இருந்தால் அதை மறைக்க அவருக்கு உரிமை இல்லை. போலீஸ் கைப்பற்றியும் அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டாத ஆவணங்கள், வாக்குமூலங்களின் பட்டியலையும் ஆரோபிக்குத் தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறையில் இருக்கிறது. பயிற்சி மாணவர் அந்தப் பட்டியல் கோப்பில் இருக்கிறதா என்று கேட்டாலே போதும், சில வழக்குகளில் அதுவே பெரிய உதவி. குறைகளைத் தேடிப் பழகிய கண், பிற்பாடு எதிர்த்தரப்பில் வாதாடினாலும் நீதிபதியாக உட்கார்ந்தாலும் அப்படியே கூட வரும்.

தங்கள் பத்திரிகை வழியாக மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். எந்த அலுவலகத்தில், எந்த மாதத்தில், எத்தனை மாணவர்களுக்கு இடம், யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்ற செய்தி மாணவர்களுக்குப் பெரும்பாலும் வாய்வழியாகவே வந்து சேர்கிறது. தெரிந்தவர் உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது மற்றவருக்குக் கிடைப்பதில்லை. துறை இதை ஆண்டுக்கு இருமுறை தன் இணையதளத்தில் வெளியிட்டு, இரகசியம் காக்கும் உறுதிமொழிப் படிவத்தையும் கன்னட வாசிப்புத் தகுதியையும் அதிலேயே சேர்த்தால் நியாயமாக இருக்கும். சட்டக் கல்லூரிகள் சான்றிதழை மட்டும் வாங்கிக் கோப்பில் போடாமல், மாணவர் தயாரித்த ஒரு சாட்சியக் கட்டத்தையாவது, பெயர்களை நீக்கிய பிரதியாக, வாய்மொழித் தேர்வில் கேட்க வேண்டும். மூன்றாவது நம் சமூகத்துக்கு. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள், தேர்வு விடுமுறைக்கு முன் இரண்டு மாதம், ஞாயிறுதோறும் சட்ட மாணவர்களுக்கென்று நீதிமன்றக் கன்னட வகுப்பு நடத்தலாம். ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெயர் நீக்கிய பழைய முதல் தகவல் அறிக்கை ஒன்றையும் மகஜர் ஒன்றையும் வைத்துக்கொண்டு அவர்களால் சொல்லித்தர முடியும். இடமும் கரும்பலகையும் இருந்தால் அடுத்த விடுமுறைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
குற்ற வழக்குகள் நடத்தும் ஒரு மூத்த வழக்கறிஞர்,
அல்சூர், பெங்களூரு.